டாரத்தியின் சிவப்புக் காலணி

கேன்ஸஸிலிருந்து சூறாவளி பெயர்த்துக்கொண்டு வந்த வீடு ஓஸ் நாட்டில் இறங்கியபோது, கிழக்குத் திசைச் சூனியக்காரி அதற்கடியில் நசுங்கிச் செத்தாள். வெயிலில் அவள் உடல் காய்ந்து இல்லாமல் போக, காலில் கிடந்த வெள்ளிக் காலணி மட்டும் மிஞ்சியது. அந்த வீட்டோடு வந்த சிறுமி டாரத்தி அதை உடனே போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்குள் போய் ரொட்டி சாப்பிட்டாள். முகம் கழுவி உடை மாற்றினாள். வழிக்கு வேண்டிய ரொட்டியைக் கூடையில் அடுக்கி மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மூடினாள். அப்புறம்தான் குனிந்து தன் காலைப் பார்த்தாள். தோல் காலணி தேய்ந்து கிடந்தது. மரகத நகரத்துக்கு நெடுந்தூரம் நடக்க வேண்டும்; வெள்ளி என்றால் தேயாது. எடுத்துப் போட்டுப் பார்த்தாள், அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. எல். ஃபிராங்க் பாம் 1900இல் எழுதிய ‘தி வொண்டர்ஃபுல் விஸார்ட் ஆஃப் ஓஸ்’ நாவலில் அந்தக் காலணி கதைக்குள் வருவது இப்படித்தான்.

மந்திரக் காலணியை நடைக்கு உதவும் என்று எடுத்துப் போட்டுக்கொள்ளும் சிறுமி குழந்தைக் கதைகளில் வேறு யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. கதை முழுக்க, வீடு திரும்பும் வழி தன் காலிலேயே இருப்பது தெரியாமல் அவள் நடக்கிறாள். கடைசியில் தெற்குத் திசையின் நல்ல சூனியக்காரி கிளிண்டா சொல்லித்தான் தெரிகிறது, குதிகால்களை மூன்று முறை தட்டினால் போதும் என்று. தட்டுகிறாள், காற்றில் பறக்கிறாள், கேன்ஸஸ் புல்வெளியில் உருண்டு விழுகிறாள். எழுந்து பார்த்தால் காலில் காலுறை மட்டும்தான் இருக்கிறது. காலணி வழியில் கழன்று பாலைவனத்தில் விழுந்து தொலைந்தது என்று பாம் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார். அதற்குப் பிறகு அவர் இன்னும் 13 ஓஸ் நாவல்கள் எழுதினார். எதிலும் அது திரும்பி வரவில்லை.

புத்தகத்தில் தொலைந்த அந்தப் பொருள் திரைக்கு வந்தபோது நிறம் மாறியது. நிறம் மாறியதாலேயே தொலையாமல் நின்றது என்பது என் எண்ணம். நல்ல நாவலைப் படமாக்குகிறவர்கள் மூலத்தில் கைவைத்தால் எனக்குக் கோபம் வரும். குழந்தைகளுக்கான நாவல் என்றால் இன்னும் கூடுதலாக வரும், ஏனென்றால் சிறு வயதில் படித்ததை நாம் வரி வரியாகப் பாதுகாத்து வைத்திருக்கிறோம். இந்தக் காலணி விஷயத்தில் மட்டும் மாற்றியவர்கள் பக்கம்தான் நான். அதற்கான காரணம் அதன் பயணத்தில் இருக்கிறது.

பாம் எழுத்தாளராவதற்கு முன் கடைக்காரர். தெற்கு டகோட்டாவின் ஆபர்டீன் என்ற சிற்றூரில் ‘பாம்ஸ் பஜார்’ என்று கடை வைத்து நொடித்துப்போனவர். பிறகு சிகாகோவுக்குக் குடிபெயர்ந்து, கடைவாசல் கண்ணாடிக்குப் பின்னால் சரக்கை எப்படி அலங்கரித்து வைப்பது என்று வியாபாரிகளுக்குச் சொல்லித்தரும் ‘தி ஷோ விண்டோ’ என்ற பத்திரிகையை 1897இல் தொடங்கினார். ஓஸ் நாவல் வெளியான அதே 1900இல் ஜவுளிக்கடைக் காட்சி அலங்காரத்தைப் பற்றியும் ஒரு புத்தகம் போட்டார். தெருவில் போகிறவரைக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பொருள் ஒரு நிமிடம் நிறுத்திவைக்க வேண்டும் என்பது அவருக்குச் சோறு போட்ட தொழில். அவர் படைத்த ஒரு காலணி பின்னாளில் நாட்டின் தலைநகரத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அமர்ந்து லட்சக்கணக்கானவர்களை நிறுத்தப்போகிறது என்று அவர் கண்டாரா?

ஏன் வெள்ளி என்று தோண்டிப் பார்த்தவர்களும் உண்டு. 1964இல் ஹென்றி லிட்டில்ஃபீல்ட் என்ற பள்ளி ஆசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். மரகத நகரத்துக்குப் போகும் மஞ்சள் செங்கல் பாதை தங்கம், காலணி வெள்ளி, நாணயத்துக்குத் தங்கம் மட்டும் போதுமா வெள்ளியும் வேண்டுமா என்று 1890களில் அமெரிக்காவில் நடந்த அரசியல் சண்டைதான் இந்தக் கதை என்றார். பாம் அப்படி நினைத்து எழுதினார் என்பதற்குச் சான்று இல்லை. எனக்கும் அந்த விளக்கத்தில் ருசி இல்லை. தேயாத காலணி வேண்டும் என்ற சிறுமியின் தேவையே எனக்குப் போதும்.

நாவல் வந்த இரண்டே ஆண்டில் மேடைக்குப் போனது. 1910இல் குறும்படமானது. 1914இல் பாமே ஹாலிவுட்டில் ஓஸ் ஃபிலிம் மேனுஃபாக்சரிங் கம்பெனி என்ற பெயரில் படம் எடுத்துப் பார்த்தார். 1925இல் லாரி சீமன் எடுத்த மௌனப்படத்தில் ஆலிவர் ஹார்டி தகர மனிதனாக வந்தார். எதுவும் நிலைக்கவில்லை. பாம் 1919இல் ஹாலிவுட்டிலேயே காலமானார்.

1937 டிசம்பரில் டிஸ்னியின் ‘ஸ்நோ ஒயிட்’ வெளியாகிப் பணம் கொட்டியது. குழந்தைகள் கதைக்கு இவ்வளவு கூட்டமா என்று மற்ற ஸ்டுடியோக்கள் விழித்துக்கொண்டன. எம்.ஜி.எம். நிறுவனம் ஓஸ் நாவலின் உரிமையைச் சாமுவேல் கோல்ட்வினிடமிருந்து 75,000 டாலருக்கு வாங்கியது. டிஸ்னியின் படம் வண்ணத்தில் வந்த படம். எம்.ஜி.எம். உயிருள்ள நடிகர்களை வைத்து அதே வண்ணத்தில் காட்டியாக வேண்டும். திரைக்கதை பலர் கைக்குப் போனது. அவர்களில் ஒருவர் நோயல் லாங்லி, தென்னாப்பிரிக்காவில் பிறந்த 26 வயது இளைஞர். 1938 மே 14 தேதியிட்ட அவருடைய திரைக்கதைப் பிரதியில் டாரத்தியின் காலணி வெள்ளியிலிருந்து மாணிக்கமாகிவிட்டது.

காரணம் டெக்னிகலர். அந்த நாளைய டெக்னிகலர் கேமராவுக்குள் ஒரு பட்டகம் இருந்தது. உள்ளே வரும் வெளிச்சத்தைப் பிரித்து, சிவப்புக்கும் பச்சைக்கும் நீலத்துக்கும் தனித்தனியாக மூன்று ஃபிலிம் சுருளில் பதியவைக்கும். வாடகையும் செலவும் மிக அதிகம். அவ்வளவு செலவழித்து எடுக்கும் வண்ணப்படத்தில், கதையின் மையமான பொருள் வெள்ளியாக இருந்தால் திரையில் சாம்பல் நிறமாகத்தான் தெரியும். பளிச்சென்ற மஞ்சள் செங்கல் பாதையில் அந்தச் சாம்பல் நிறக் கால்கள் கண்ணுக்கே எட்டாது. மஞ்சளுக்கு மேல் சிவப்பு நடந்தால் அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் தெரியும். தாளில் வெள்ளி மின்ன வேண்டுமானால் ‘வெள்ளி’ என்று எழுதினால் போதும். மீதியைப் படிக்கிறவரின் மனம் பார்த்துக்கொள்ளும். திரைக்கு அந்தச் சலுகை கிடையாது, கண்ணில் பட்டால்தான் உண்டு. லாங்லி தன் கலையின் தேவைக்கு நேர்மையாக இருந்தார். புத்தகத்துக்குச் செய்த துரோகமாக அதை என்னால் பார்க்க முடியவில்லை.

நிறத்தோடு கதையில் அதன் இடமும் மாறியது. நாவலில் மேற்குத் திசைச் சூனியக்காரி பாதிக் கதைக்கு மேல்தான் வருகிறாள். படத்தில் முதலிலேயே வந்து நின்று, செத்த தங்கையின் காலணி எனக்கு வேண்டும் என்கிறாள். அதற்குள் கிளிண்டா அதை டாரத்தியின் காலில் மாட்டிவிடுகிறாள். அந்த நொடியிலிருந்து படம் முழுக்க ஒரே துரத்தல்தான். யார் எதற்காக ஓடுகிறார்கள் என்பது நான்கு வயதுக் குழந்தைக்கும் புரியும். நாவலின் அத்தியாயங்கள் ஒவ்வொன்றும் தனித்தனிச் சாகசம். அவற்றைக் கோத்து இழுக்கும் நூல் இந்தச் சிவப்புக் காலணிதான்.

இழப்பும் உண்டு. நாவலில் சூனியக்காரி தந்திரமாக டாரத்தியை இடறவைத்து ஒரு காலணியைப் பறித்துக்கொள்கிறாள். திருப்பிக் கொடு என்கிறாள் டாரத்தி. மாட்டேன் என்கிறாள் அவள். டாரத்திக்கு ஆத்திரம் பொங்குகிறது, பக்கத்திலிருந்த வாளித் தண்ணீரை எடுத்து அவள்மேல் ஊற்றுகிறாள். சூனியக்காரி கரைந்துபோகிறாள். டாரத்தி அழுக்கை வாரிக் கொட்டிவிட்டு, மிஞ்சிய காலணியைத் துடைத்துப் போட்டுக்கொள்கிறாள். தன் பொருளைப் பறித்தால் கோபப்படும் பிள்ளை அவள். படத்தில், டாரத்தியோடு வரும் வைக்கோல் பொம்மைமேல் பற்றிய தீயை அணைக்க வீசிய தண்ணீர் தவறிப்போய்ச் சூனியக்காரிமேல் பட்டுவிடுகிறது. நல்ல பெண் கோபப்படமாட்டாள் என்று ஸ்டுடியோ முடிவு கட்டியதுபோல் இருக்கிறது. அதைவிடப் பெரிய குறை, ஓஸ் பயணம் முழுவதும் தலையில் அடிபட்டு மயங்கியபோது கண்ட கனவு என்று படம் முடிவது. பாமின் ஓஸ் மெய்யான நாடு. டாரத்தி பின்னாளில் சித்தப்பாவையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு அங்கேயே குடியேறிவிடுகிறாள். கனவென்று சொல்லி அந்த நாட்டைப் பிள்ளைகள் கையிலிருந்து பிடுங்கியதை என்னால் ஏற்க முடியவில்லை.

காலணி எப்படிச் செய்யப்பட்டது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எம்.ஜி.எம். உடையலங்காரத் தலைவர் ஏட்ரியன் முதலில் அரபு நாட்டுக் கதையில் வருவதுபோல் நுனி சுருண்ட ஒரு ஜோடியைச் செய்து பார்த்தார். கேன்ஸஸ் பண்ணைப் பெண்ணுக்கு அது ஒட்டவில்லை என்று தள்ளப்பட்டது. பிறகு லாஸ் ஏஞ்சல்ஸின் இன்னஸ் ஷூ கம்பெனியிடம் வெள்ளைப் பட்டு வைத்த சாதாரண ஹீல் காலணிகளை வாங்கிச் சிவப்புச் சாயம் போட்டார்கள். ஆர்கன்சா என்ற மெல்லிய துணியில் சமிக்கியை நெருக்கித் தைத்து, அந்தத் துணியை வெட்டிக் காலணிமேல் போர்த்தி இழுத்துத் தைத்தார்கள். ஒரு காலுக்கு 2,000 சமிக்கிக்கு மேல். முன்பக்கம் ‘போ’ முடிச்சு. அதில் பெரிய சிவப்புக் கண்ணாடிக் கற்கள், சுற்றிலும் குழல் மணிகள், ஓரத்தில் வெள்ளிப் பூண் வைத்த சின்னக் கற்கள். மாணிக்கம் ஒன்றுகூடக் கிடையாது.

சமிக்கியின் நிறத்திலும் ஒரு சூட்சுமம். பளிச்சென்ற சிவப்பை அந்தக் கேமரா ஆரஞ்சாகக் காட்டிவிடும். அதனால் கிட்டத்தட்ட ஒயின் நிறத்தில், கருஞ்சிவப்பாகச் சமிக்கி வாங்கினார்கள். இன்று அருங்காட்சியகத்தில் நேரில் பார்ப்பவர்களுக்கு, படத்தில் பார்த்ததைவிட மங்கலாக இருக்கிறதே என்று தோன்றும். முதல் நாளே அது கருஞ்சிவப்புதான். நாம் மனத்தில் வைத்திருக்கும் சிவப்பு கேமராவும் விளக்கும் சேர்ந்து செய்த சிவப்பு. தைத்தவர்களின் பெயர் படத்தின் பெயர்ப் பட்டியலில் இல்லை. உடைகள் ஏட்ரியன் என்ற ஒரு வரியோடு முடிகிறது. ஆயிரக்கணக்கான சமிக்கியை ஊசியில் கோத்த கைகளை நினைக்காமல் அந்தக் காலணியை என்னால் பார்க்க முடிவதில்லை.

ஒரு ஜோடி போதாது. டாரத்தியாக நடித்த 16 வயது ஜூடி கார்லண்டுக்குப் பல ஜோடிகள் செய்தார்கள். பாதையில் ஆடும்போது மேடைப் பலகையில் குதிகால் சத்தம் கேட்கக் கூடாதென்று சிலவற்றின் அடியில் ஃபெல்ட் துணியை ஒட்டினார்கள். செத்த சூனியக்காரியின் கால் தெரியும் அண்மைக் காட்சிக்கு உதவிய ஜோடிக்கு ஃபெல்ட் இல்லை. 1938 அக்டோபரில் படப்பிடிப்பு தொடங்கி மறு ஆண்டு மார்ச்சில் முடிந்தது. டெக்னிகலருக்கு வேண்டிய விளக்கு வெளிச்சத்தில் அரங்கின் வெப்பம் 38 டிகிரியைத் தாண்டும். இயக்குநர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பெயர் போட்டுக்கொண்டவர் விக்டர் ஃபிளெமிங். கேன்ஸஸ் காட்சிகளை எடுத்தவர் கிங் விடார்.

கேன்ஸஸ் பகுதி முழுவதும் பழுப்பு நிறத்தில் ஓடும். வீடு ஓஸில் இறங்கியதும் டாரத்தி கதவைத் திறக்க, வெளியே வண்ணம் விரியும். வீட்டின் உட்புறத்துக்கே பழுப்பு வண்ணம் பூசி, ஜூடியின் மாற்று நடிகைக்குப் பழுப்பு உடை போட்டுக் கதவைத் திறக்கவைத்தார்கள். அவர் ஒதுங்கியதும் நீல உடையில் ஜூடி உள்ளிருந்து நடந்து வெளியே போவார். முழுக் காட்சியும் வண்ண ஃபிலிமில்தான் எடுக்கப்பட்டது. அந்தக் கதவைத் தாண்டிச் சில நிமிடங்களில் வீட்டுக்கடியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சிவப்புக் கால்கள் வருகின்றன. பழுப்பையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தச் சிவப்பு எப்படி இருந்திருக்கும்!

1939 ஆகஸ்டில் படம் வெளியானது. செலவு ஏறக்குறைய 28 லட்சம் டாலர். முதல் வெளியீட்டில் நிறுவனத்துக்கு நஷ்டம்; 1949 மறுவெளியீட்டில்தான் லாபம் வந்தது. 1956 நவம்பர் 3 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சி ஒளிபரப்பியது. 1959 முதல் ஆண்டுதோறும் போடத் தொடங்கினார்கள். அமெரிக்கக் குடும்பங்களுக்கு அது வருடாவருடம் வரும் பண்டிகைபோல ஆனது. அன்று பெரும்பாலான வீடுகளில் இருந்தது கறுப்பு வெள்ளைப் பெட்டிதான். வண்ணத்துக்காகவே நிறம் மாற்றப்பட்ட காலணியை ஒரு தலைமுறைக் குழந்தைகள் சாம்பல் நிறத்தில் பார்த்து வளர்ந்தார்கள்.

இந்த ஆண்டுகளெல்லாம் அசல் காலணிகள் எங்கே இருந்தன? ஒரு ஜோடி மட்டும் 1940இலேயே வெளியே போய்விட்டது. 1939இன் சிறந்த பத்துப் படங்களைச் சொல்லும் ஒரு போட்டியில் டென்னஸி மாநிலம் மெம்ஃபிஸ் நகரத்துப் பெண் ராபர்ட்டா பாமன் இரண்டாம் பரிசு வாங்கினார். பரிசு இந்தக் காலணி. அவர் அதை நெடுங்காலம் வீட்டில் வைத்துக்கொண்டு, கேட்கும் பள்ளிக் குழந்தைகளுக்குக் காட்டிவந்தார். மற்றவை எம்.ஜி.எம். ஆடைக் கிடங்கில் தூசிக்குள் கிடந்தன. பழைய படத்தின் உடையை யாரும் பொக்கிஷமாக நினைக்காத காலம் அது.

1969இல் கிர்க் கெர்கோரியன் எம்.ஜி.எம்.மைக் கைப்பற்றினார். அதே ஆண்டு ஜூனில் ஜூடி கார்லண்ட் 47 வயதில் லண்டனில் இறந்துபோனார். அடுத்த ஆண்டு மே மாதம் ஸ்டுடியோவின் உடைகளையும் சாமான்களையும் ஏலத்துக்கு விட்டார்கள். ஏலத்துக்காகக் கிடங்கைப் புரட்டும் வேலைக்கு வந்தவர்களில் கென்ட் வார்னர் என்ற உடையலங்காரப் பணியாளரும் ஒருவர். பழைய படங்கள்மீது உயிரையே வைத்திருந்தவர். அவர் கண்ணில்தான் சிவப்புக் காலணிகள் பட்டன. ஒரு ஜோடியை ஏலத்துக்குக் கொடுத்தார். மற்றவற்றைத் தானே எடுத்துக்கொண்டார். சிறந்த ஒன்றைத் தனக்கென்று வைத்துக்கொண்டு, வேறொன்றை மைக்கேல் ஷா என்ற முன்னாள் குழந்தை நட்சத்திரத்துக்கு விற்றார். செய்தது சரியா என்று கேட்டால் சட்டப்படி சரியில்லை. ஆனால் அந்தக் கிடங்கிலிருந்து எத்தனை எத்தனையோ பொருள்கள் குப்பைக்கும் தீக்கும் போன வருடம் அது. அவர் கை படாமல் இருந்திருந்தால் இன்று நாம் பேச எதுவும் மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

உலகில் இருக்கும் ஒரே ஜோடி என்று நம்பி ஏலத்தில் ஒருவர் 15,000 டாலர் கொடுத்து வாங்கினார். செய்தி நாளிதழ்களில் வந்ததும் மெம்ஃபிஸிலிருந்து பாமன், என்னிடமும் ஒரு ஜோடி இருக்கிறது என்றார். பிறகு ஒவ்வொன்றாக வெளிவந்தன. பாமன் 1988இல் தன்னுடையதை விற்றபோது கமிஷனோடு சேர்த்து 1,65,000 டாலர்; அதே ஜோடி 2000இல் 6,66,000 டாலர். வார்னர் தனக்கென்று வைத்திருந்த ஜோடி கை மாறி மாறி, 2012இல் லியனார்டோ டிகாப்ரியோ, ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் முதலியோர் கொடுத்த பணத்தில் ஆஸ்கர் விருது அகாடமியின் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

1970 ஏலத்தில் வாங்கியவர் பெயர் சொல்லாமலே 1979இல் தன் ஜோடியை வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தார். அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் அது வைக்கப்பட்ட கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் விரித்த கம்பளம், நின்று பார்த்தவர்களின் கால் பட்டுத் தேய்ந்து பலமுறை மாற்ற வேண்டியிருந்தது. கூட்டத்தின் அன்பைச் சமிக்கி தாங்கவில்லை என்று சொல்ல முடியாது. அதைத் தின்றது வெளிச்சமும் காற்றும்தான். அந்தச் சமிக்கியின் உள்ளே இருப்பது ஜெலட்டின், மேலே செல்லுலோஸ் நைட்ரேட் பூச்சு. ஒரு படப்பிடிப்புக்குத் தாங்கினால் போதும் என்று செய்த பொருள். 2016இல் அதைக் காப்பாற்ற ஸ்மித்சோனியன் பொதுமக்களிடம் 3,00,000 டாலர் கேட்டது. ஒரே வாரத்தில் வந்துவிட்டது. பாதுகாப்பு வல்லுநர்கள் பெருக்காடிக்கு அடியில் வைத்துச் சமிக்கி சமிக்கியாகத் துடைத்தார்கள். திரும்பிக் கிடந்தவற்றைத் திருப்பிவைத்தார்கள். அறுந்த நூலைப் பிடித்துக் கட்டினார்கள். 200 மணி நேரத்துக்கு மேல் ஆனது.

இதற்கிடையில் மைக்கேல் ஷாவின் ஜோடி காணாமல் போயிருந்தது. அவர் அதை ஊர் ஊராகக் கண்காட்சிக்குக் கொடுப்பவர். 2005 கோடையில் மின்னசோட்டா மாநிலம் கிராண்ட் ரேபிட்ஸ் நகரத்தில் இருக்கும் ஜூடி கார்லண்ட் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்திருந்தார். ஜூடி பிறந்த ஊர் அது. ஆகஸ்ட் 27 இரவு யாரோ கதவையும் காட்சிப் பெட்டியையும் உடைத்துக் காலணியைக் கொண்டுபோனார்கள். உதிர்ந்த ஒரே ஒரு சிவப்புச் சமிக்கி மட்டும் கிடந்தது. ஊருக்குப் பக்கத்துச் சுரங்கப் பள்ளத்துத் தண்ணீரில் முக்குளித்துக்கூடத் தேடினார்கள். பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தார்கள். பதிமூன்று ஆண்டு கழித்து, 2018 ஜூலையில், எஃப்.பி.ஐ. மினியாபொலிஸ் நகரத்தில் வலைவிரித்து அதை மீட்டது.

மீட்டது அசல்தானா? கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கமா முத்தா என்று உடைத்துப் பார்த்து உறுதி செய்த கதை நமக்குத் தெரியும். இங்கே உடைக்க முடியாது, ஒப்பிட வேண்டும். காலணியை ஸ்மித்சோனியனுக்கு எடுத்துப்போனார்கள். பாதுகாப்பு வல்லுநர் டான் வாலஸ் முடிச்சில் இருந்த மணிகளைப் பார்த்தார். நிறமில்லாத கண்ணாடி மணிமேல் யாரோ சிவப்பு வண்ணம் பூசியிருந்தார்கள். படப்பிடிப்பில் மணி உதிர்ந்தபோது அவசரத்துக்குச் செய்த ஒட்டுவேலை. ஸ்மித்சோனியனின் ஜோடியிலும் அதே ஒட்டுவேலை உண்டு. போலி செய்கிறவனுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. நான்கு காலணிகளையும் அருகருகே வைத்தபோது இன்னொன்றும் தெரிந்தது. ஸ்மித்சோனியனின் இடதும் வலதும் ஒன்றுக்கொன்று சரியான ஜோடி இல்லை என்பது முன்பே தெரிந்த விஷயம். ஷாவின் ஜோடியும் அப்படித்தான். இதன் இடதை அதன் வலதோடும், அதன் இடதை இதன் வலதோடும் சேர்த்தால் இரண்டு ஜோடியும் அச்சாகப் பொருந்தின. எந்தக் காலத்திலோ இரண்டும் மாறிப்போயிருக்கின்றன.

திருடியவர் டெரி ஜான் மார்ட்டின் என்பவர். 2023இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். காலணி பத்து லட்சம் டாலருக்குக் காப்பீடு செய்யப்பட்டிருக்கிறது, அவ்வளவு விலை என்றால் கற்கள் மெய்யான மாணிக்கமாகத்தான் இருக்கும் என்று பழைய கூட்டாளி ஒருவர் சொல்லக் கேட்டு இறங்கியிருக்கிறார். அந்தப் படத்தை அவர் பார்த்ததே இல்லை. திருட்டு நகை வாங்குகிறவரிடம் போனபோதுதான் எல்லாம் கண்ணாடி என்று தெரிந்தது. இரண்டு நாளுக்குள் கைகழுவிவிட்டார். 2024 ஜனவரியில் தண்டனை சொல்லும்போது அவருக்கு 76 வயது, மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு சக்கர நாற்காலியில் இருந்தார். சாகும் தறுவாயில் இருப்பவர் என்று சிறைக்கு அனுப்பவில்லை.

காலணியைப் போலவே அதன் சிவப்புக்கும் உரிமையாளர் உண்டு. பாமின் நாவலை இன்று எவர் வேண்டுமானாலும் எடுத்தாளலாம். பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. 1939 படமும் அது படைத்த மாணிக்கக் காலணியும் இப்போது வார்னர் பிரதர்ஸ் வசம். படத்தின் பதிப்புரிமை அமெரிக்காவில் 2034 முடிவு வரை இருக்கிறது. 1978இல் வந்த ‘தி விஸ்’ படத்தில் டாரத்திக்கு வெள்ளிக் காலணிதான். 1985இல் டிஸ்னி ‘ரிட்டர்ன் டு ஓஸ்’ எடுத்தபோது சிவப்பு வேண்டும் என்று எம்.ஜி.எம்.முக்குப் பணம் கட்டியது. நாவலைத் தழுவி எடுக்க வந்தவர்கள், நாவலில் இல்லாத நிறத்துக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள். தழுவல் மூலத்தை எந்த அளவுக்கு மறைத்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். எனக்கு அதில் வருத்தமும் உண்டு. டாரத்தியின் காலணி வெள்ளி என்று சொன்னால் நம்பாத பிள்ளைகள் அமெரிக்காவிலேயே நிறைய இருப்பார்கள். 2024 நவம்பரில் வெளியான ‘விக்கெட்’ என்ற ஓஸ் படத்தில் உடையலங்காரம் செய்த பால் டாஸ்வெல் காலணியைப் பாம் எழுதியபடி வெள்ளியாகவே செய்தது அதனால்தான் எனக்குப் பிடித்திருந்தது.

‘விக்கெட்’ திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருந்த டிசம்பர் 7 அன்று, டல்லாஸில் ஹெரிடேஜ் ஏல நிறுவனம் ஷாவின் ஜோடியை ஏலத்துக்கு வைத்தது. ஜூடி பிறந்த ஊர் அருங்காட்சியகமும் போட்டியில் இருந்தது. அதற்காக மின்னசோட்டா அரசு 1,00,000 டாலர் ஒதுக்கியிருந்தது. 30 லட்சம் டாலர் போகும் என்று எதிர்பார்த்தார்கள். அதைச் சில நிமிடங்களில் தாண்டி, 2 கோடியே 80 லட்சம் டாலரில் ஏலம் நின்றது. கமிஷனோடு 3 கோடியே 25 லட்சம். திரைப்படப் பொருள் எதுவும் அதுவரை இந்த விலையை நெருங்கியதுகூட இல்லை. வாங்கியவர் பெயரை நிறுவனம் வெளியிடவில்லை. அதன் சரியான இடதும் சரியான வலதும் வாஷிங்டனில் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கே உள்ளே போக டிக்கெட் வாங்க வேண்டியதில்லை.